உடைமைக் காவலும் கள்ளாமையும்
வால்பாறையில் நிறுத்திய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை முன்வைத்து

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அறவிழா மேடையில் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்பன இல்லறத்தாருக்குரிய ஐந்து அணுவிரதங்கள். இவற்றுள் கள்ளாமை என்றதும், பிறர் பொருளைத் தொடாதிருத்தல் மட்டுமே பலருடைய நினைவுக்கு வருகிறது. தம் பொருளைக் காவாது விட்டால் அதனால் துன்புறுவோர் யார் யார், காக்கும் முறையிலேயே பிறருக்குத் தீங்கு விளைவதுண்டா, விலை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் பொருள் யாருடையது என்னும் வினாக்களும் அவ்விரதத்தைச் சார்ந்தவையே. விலை மிகுந்த ஒரு கார் இவ்வினாக்கள் அனைத்தையும் ஒருங்கே எழுப்புகிறது. ஆதலின் அது இம்மேடைக்கு அயலான பொருள் அன்று.

கொங்கு மண்ணும் மோட்டார் வண்டியும்

கோவைக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு நெடியது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தம் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு. அவர் வழியில் வந்தோர் அரிய பழங்கார்களைத் திரட்டி அமைத்த அருங்காட்சியகம் 2015 முதல் அவிநாசி சாலையில் இயங்கி வருகிறது. பந்தயக் கார்களை உள்ளூரிலேயே வடிவமைத்துக் காட்டிய எஸ். கரிவர்தன் கோவையைச் சேர்ந்தவர். செட்டிபாளையத்துப் பந்தயத்திடல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் போட்டியில் களமிறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. வார்ப்படச் சாலையும் பம்ப்செட்டுத் தொழிலும் வளர்ந்த ஊரில், நல்ல எந்திரத்தின் மீது காதல் பிறப்பதில் வியப்பில்லை.

அத்தகைய காதலர்கள் விடுமுறை நாளில் நாடும் சாலை பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலை. பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 64 கிலோமீட்டர். அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்று அணையின் நீர்ப்பரப்பு கீழே விரிய, லோம்ஸ் காட்சிமுனையில் வரையாடுகள் சாலையோரத்தில் நிற்க, கவர்க்கல்லின் பனிமூட்டத்தைக் கடந்து தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழையும் அந்தப் பயணம் எவருக்கும் இனியது. மலையேறிய கார் அங்கே ஓரிரவு நிற்கலாம். தோட்டத்து மாளிகையிலோ உறவினர் இல்லத்திலோ மழைக்காலம் முழுவதும் நிற்கவும் நேரலாம். அப்போது அதனை யார் காப்பது, எவ்வாறு காப்பது?

மலை தரும் காவலும் அதன் எல்லையும்

சமவெளி நகரத்தில் திருட்டுக் கார் வெளியேறப் பல நூறு சாலைகள் உண்டு. வால்பாறைக்கு முதன்மையான வழிகள் இரண்டே. ஒன்று, ஆழியாறு வழியாகப் பொள்ளாச்சிக்கு இறங்குவது. மற்றொன்று, சோலையாறு அணை, மளுக்குப்பாறை, அதிரப்பள்ளி வழியாகக் கேரளத்தின் சாலக்குடிக்குச் செல்வது. இரண்டும் காட்டுவழி, இரண்டிலும் சோதனைச்சாவடிகள் உள. ஆகவே திருட்டு உடனே தெரியவந்து, உடனே காவல்துறைக்குச் சொல்லப்பட்டால், மலையே ஒரு கோட்டையாகிவிடும். நாற்பது வளைவுகளை இறங்க எவருக்கும் நேரம் ஆகும். தாழ்வான அடித்தளம் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரை அவ்வழியே விரைந்து ஓட்டிச் செல்வதும் எளிதன்று.

ஆயின் 'உடனே' என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கார் போனதே மூன்று நாள் கழித்துத் தெரியவந்தால் மலையும் சாவடியும் பயன்படா. மூடுபனியும் தென்மேற்குப் பருவமழையும் நிறைந்த ஊர் அது. சின்னக்கல்லாறு இந்தியாவிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மழை கொட்டும் இரவில் சங்கொலி எழுந்தாலும் அடுத்த வீட்டாருக்குக் கேட்பதில்லை. மின்சாரம் நின்றால் கண்காணிப்புக் கேமராவும் கண்மூடிக்கொள்கிறது. தோட்டத்து மாளிகைகளோ ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்தவை. ஆதலின் வால்பாறையில் காவலின் முதற்பணி, இழப்பை விரைந்து அறிவது. நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஒருவர் சென்று காரைப் பார்த்து, ஒரு குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவைத்தல் எளிய வழக்கம், செலவில்லாதது. திருட்டு நேர்ந்த இடைவெளியைக் காவல்துறைக்குச் சுட்டிக்காட்ட இதைவிடச் சிறந்த துணை வேறில்லை.

திருடர் வரும் வழிகள்

விலையுயர்ந்த கார்கள் திருடுபோகும் வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, சாவி வழி. வாயிலருகே ஆணியில் தொங்கும் சாவி, கண்ணாடி மேசைமேல் கிடக்கும் சாவி, பணிமனையில் கொடுத்துவிட்டுத் திரும்ப எண்ணிப் பார்க்காத இரண்டாம் சாவி ஆகியவை திருடனுக்கு எந்திர அறிவே தேவையில்லாமற் செய்துவிடுகின்றன.

இரண்டாவது, அலைவழி. இக்காலத்துக் கார்கள் பலவற்றில் சாவியைச் செருக வேண்டியதில்லை. உரிமையாளர் அருகில் வந்தாலே கதவு திறக்கும். சாவியும் காரும் மெல்லிய வானொலி அலைகளால் உரையாடிக்கொள்வதே இதன் நுட்பம். இருவர் கூட்டுச் சேர்ந்து, ஒருவர் வீட்டுச் சுவரின் அருகே ஒரு கருவியுடனும் மற்றவர் காரின் அருகே இன்னொரு கருவியுடனும் நின்றால், உள்ளே உறங்கும் சாவியின் அலை கார்வரை நீட்டிக்கப்படுகிறது. கார், சாவி அருகில் இருப்பதாகவே நம்பித் திறக்கிறது, ஓடத் தொடங்குகிறது. ஒரு கண்ணாடியும் உடைவதில்லை.

மூன்றாவது, தூக்கிச் செல்லும் வழி. சாவியே இல்லாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் செல்வது. பட்டப்பகலில் நடந்தாலும், பழுதுபட்ட வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றே பார்ப்போர் எண்ணுவர்.

நான்காவது, நம்பிக்கை வழி. வாங்க விரும்புபவராக வந்து, ஓட்டிப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுச் சாவியைப் பெற்றுத் திரும்பாதவர் உண்டு. விற்பனை விளம்பரத்திலும் சமூக ஊடகப் படங்களிலும் வீட்டு வாயிலையும் நிறுத்துமிடத்தையும் காட்டிவிடுவது இவர்களுக்கு வரைபடம் வரைந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பூட்டின் பணி

எந்தப் பூட்டும் திருட்டை முற்றிலும் தடுத்துவிடாது. திருடனைத் தாமதிக்கச் செய்வதே பூட்டின் பணி. தாமதம் மிகமிக அவன் பிடிபடும் அச்சம் மிகும். பெரும்பாலும் வேறிடம் தேடிப் போய்விடுவான். ஆகவே ஒரே ஒரு விலையுயர்ந்த கருவியை நம்புவதினும், வெவ்வேறு வகையான மூன்று நான்கு தடைகளை அடுக்கி வைத்தல் நன்று.

அலைவழித் திருட்டுக்கு எளிய மாற்று, சாவியை உலோக இழை வேய்ந்த பையில் வைத்தல். மூடி இறுகப் பொருந்தும் தகரப் பெட்டியும் பயன்படலாம். சாவியைப் பெட்டியில் இட்டபின் காரின் அருகே கொண்டுசென்று, கதவு திறக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பின்னரே அதனை நம்புதல் வேண்டும். இரண்டாம் சாவிக்கும் இதுவே முறை. ஸ்டீயரிங்கின் குறுக்கே பூட்டும் இரும்புத்தண்டு பழமையானதாயினும் பயனுள்ளது. கண்ணுக்குத் தெரிவதே அதன் வலிமை. சக்கரப் பூட்டு, தூக்கிச் செல்பவரைத் தாமதிக்கச் செய்யும். எரிபொருள் பம்புக்கோ ஸ்டார்ட்டருக்கோ செல்லும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மறைவான சுவிட்சை, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு அமைக்கலாம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது மிகவும் தேவை. சாவியில் மறைந்த மின்னணுக் குறியீட்டை அறிந்தாலன்றி எந்திரத்தை இயங்கவிடாத கருவி, ஐரோப்பாவில் 1998-இல்தான் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய கார்கள் பலவற்றில் அக்காவல் இல்லை.

இருப்பிடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தான் இருக்கும் இடத்தை அது செயற்கைக்கோள் வழியே அறிகிறது. அறிந்ததை உரிமையாளருக்குச் சொல்வதோ கைப்பேசி அலைவழியே. மலைச்சரிவிலும் காட்டிலும் கைப்பேசி அலை விட்டுவிட்டு வரும். அத்தகைய இடத்தில் கார் நகர்ந்த செய்தி உடனே வாராது போகலாம். ஆகவே அலை கிடைக்காத நேரத்தில் பயணத் தடத்தைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும் வகைக் கருவியைத் தேர்தல் வேண்டும். கார் நிற்கும் இடத்தில் எந்த நிறுவனத்தின் அலை கிடைக்கிறது என்பதை முன்னரே பார்த்து அதற்குரிய சிம் அட்டையை இடுதல் வேண்டும்.

பலர் மறந்துவிடுவது பேட்டரி. வாரக்கணக்கில் ஓடாது நிற்கும் காரில் சங்கொலிக் கருவியும் இருப்பிடங்காட்டியும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கின்றன. பேட்டரி தீர்ந்த நாளில், காவல் அனைத்தும் ஒருசேர உறங்கிவிடும். தேவைக்கேற்ப மின்னூட்டும் சிறிய சார்ஜர் ஒன்றைப் பொருத்துவதும், வாரம் ஒருமுறை கருவிகளைச் சோதிப்பதும் இதற்குத் தீர்வு. எலிகள் கம்பிகளைக் கடிப்பதும் மலைவீடுகளில் உண்டு. நஞ்சு வைக்காமல், கொட்டகையின் துளைகளை நுண்ணிய கம்பிவலையால் அடைத்து, உணவுப் பொருளை அங்கே வைக்காதிருந்தாலே தொல்லை பெரிதும் குறையும்.

இங்கே கொல்லாமையைக் குறித்து ஒன்று சொல்லியாக வேண்டும். வால்பாறை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர். யானைகள் தேயிலைத் தோட்டங்களின் ஊடே நடக்கின்றன; புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கூரைமேல் உலவுகின்றன. காரைக் காக்கிறேன் என்று கொட்டகையைச் சுற்றி முறையற்ற மின்வேலி இடுவது கொடுமை. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிந்து ஒழுங்குபடுத்த 2023-இல் தனி விதிகள் இயற்றப்பட்டுள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்க, இரும்பாலான ஒரு பொருளைக் காக்க உயிர்ப்பலி நேருமாயின், அக்காவல் எவ்வகையிலும் அறமாகாது. நல்ல கதவு, ஒளிமிக்க விளக்கு, அசைவை உணர்ந்து ஒலிக்கும் மணி, மின்தடையிலும் இயங்கும் கேமரா ஆகியவை போதுமானவை.

அடையாளமே மீட்டுத் தரும்

பூட்டையும் கடந்து கார் போய்விட்டால் அதனை மீட்டுத் தருவது எது? உலக நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை கூறுகிறது.

1995 ஏப்ரலில் இத்தாலியின் இமோலா நகரில் சான் மரினோ கிராண்ட் பிரி பந்தயம் நடைபெற்றபோது, ஃபெராரி அணியின் ஓட்டுநர்கள் இருவருடைய ஃபெராரி கார்கள் திருடப்பட்டன. அவற்றுள் ஒன்று கெர்ஹார்ட் பெர்கருடைய சிவப்பு நிற எஃப்512எம். ஆண்டுகள் உருண்டன. 2023-இல் ஓர் அமெரிக்கர், பிரிட்டனின் தரகர் வழியாக ஒரு ஃபெராரியை வாங்க முற்பட்டார். தயாரிப்பு நிறுவனம் அக்காரைச் சரிபார்த்தபோது, அது களவுபோன கார் என்பது வெளிப்பட்டது. செய்தி எட்டியதும் லண்டன் பெருநகரக் காவல்துறை புலனாய்வில் இறங்கியது. களவுக்குப் பின் விரைவிலேயே அக்கார் ஜப்பானுக்குக் கப்பலேறியதும், 2023 இறுதியில் பிரிட்டனுக்கு வந்ததும் தெரிந்தன. கார் மீட்கப்பட்ட செய்தி 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதனைக் காட்டிக்கொடுத்தது காரின் அடையாளமும், அதைப் பற்றிய பதிவு அழியாதிருந்ததும் ஆகும்.

தமிழர்க்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட நடராசர் திருமேனி, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் 2008-இல் விலைக்கு வாங்கப்பட்டு, 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பியது. அதனை இன்ன கோயிலுக்குரியது என்று நிறுவத் துணைநின்றவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள். படம் எடுத்தவர்கள் திருட்டை எதிர்பார்த்து எடுக்கவில்லை, ஆவணமாக எடுத்தார்கள். பல்லாண்டு கழித்து அவ்வாவணமே சாட்சி சொல்லியது.

காருக்கும் இதுவே வழி. ஒவ்வொரு காருக்கும் பதினேழு எழுத்தெண்கள் கொண்ட அடையாள எண் இக்காலத்தில் உண்டு. பழைய கார்களில் சேசிஸ் எண் குறுகியதாக இருக்கலாம். எந்திர எண் வேறு. இவை பொறிக்கப்பட்ட இடங்களைத் தெளிவாகப் படமெடுத்து வைத்தல் வேண்டும். கண்ணாடிகளில் அவ்வெண்ணைச் செதுக்கிவைக்கலாம். தோல் இருக்கையில் ஒரு தையல் வேறுபாடு, கதவின் உட்புறத்தில் ஒரு பழைய கீறல், மாற்றிய ஒரு திருகாணி போன்ற, உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்த அடையாளங்களையும் குறித்துவைத்தல் நன்று. பதிவுச் சான்று, விலைப்பட்டியல், காப்பீட்டு ஆவணம், பணிமனை இரசீதுகள் ஆகியவற்றின் படிகள் காருக்குள் மட்டும் இருந்தால் காரோடு அவையும் போய்விடும். கோவை இல்லத்தில் ஒரு படியும், குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய மற்றொருவரிடம் ஒரு படியும் இருத்தல் வேண்டும்.

2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பதிவுப்பலகை கட்டாயம். லேசரால் பொறித்த தனியெண்ணும், கழற்றினால் மீண்டும் பொருத்தவியலாத பூட்டும் அதில் உண்டு. அழகுக்காக அதனை அகற்றி வேறு எழுத்தில் பலகை மாட்டுவோர் தம் காரின் அடையாளத்தைத் தாமே அழித்துக்கொள்கின்றனர். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழங்கார்களுக்கு 2021-இல் மைய அரசு தனிப் பதிவுமுறையை வகுத்து, 'விஏ' என்னும் எழுத்துகளைத் தாங்கிய பதிவெண்ணை வழங்க வழிசெய்துள்ளது. பாட்டனார் காலத்துக் காரைப் போற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

சிலம்பு கற்பித்த பாடம்

அடையாளம் பொருளை மட்டும் காப்பதில்லை. குற்றமற்ற மனிதரையும் காக்கிறது. இதனை இளங்கோவடிகளைப் போல் உணர்த்தியவர் பிறர் இலர். சிலப்பதிகாரத்தின் நடுவே நிற்பது, விலைமதிப்பற்ற ஒரு பொருளின் களவு. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன், பழியேற்றவன் கோவலன். வெளித்தோற்றத்தில் இரு சிலம்புகளும் ஒத்திருந்தன. உள்ளே இருந்த பரல் வேறு: ஒன்றில் மாணிக்கம், மற்றொன்றில் முத்து. சிலம்பை உடைத்துப் பார்த்தபோது உண்மை விளங்கியது. ஆனால் அப்போது கோவலன் உயிரோடில்லை. ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் தன் உயிரையும் இழந்தான். உள்ளடையாளத்தை முன்னரே கேட்டறிந்திருந்தால், கவுந்தியடிகள் அழைத்துவந்து மாதரியிடம் அடைக்கலமாக அளித்த அக்குடும்பம் வாழ்ந்திருக்கும்.

இன்றும் ஒரு மாளிகையில் விலைமிகுந்த பொருள் காணாமற்போனால் முதலில் எவர்மீது கண் செல்கிறது? காரைத் துடைக்கும் பையன்மீது, இரவுக் காவலர்மீது, ஓட்டுநர்மீது. தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தின்மேல் திருட்டுப்பழி விழுந்தால், பின்னர் உண்மை வெளிப்பட்டாலும் அந்தக் கறை எளிதில் நீங்குவதில்லை. வேலை போகும், பிள்ளைகள் பள்ளியில் தலைகுனிவர், தலைமுறையாக வாழ்ந்த லயத்தைவிட்டு இறங்கவும் நேரும். காப்பீடு காரின் விலையை ஓரளவு ஈடுசெய்யும். அவருடைய மானத்தை ஈடுசெய்ய எந்தக் காப்பீடும் இல்லை.

ஆகவே சாவிக் குறிப்பேடு ஒன்று வேண்டும். யார், எப்போது, எதற்காகச் சாவியை எடுத்தார், எப்போது திருப்பினார் என்பது அதில் இருத்தல் வேண்டும். வீட்டுத் தலைவரும் அவர் மக்களும்கூட அதில் கையெழுத்திடுதல் வேண்டும். பணியாளருக்கு மட்டும் என்றால் அது அவமதிப்பு. அனைவருக்கும் என்றால் அது ஒழுங்கு. கேமராப் பதிவும் அவ்வாறே. இவை பணியாளரைக் கண்காணிக்கும் கருவிகள் என்று எண்ணுதல் தவறு. பொய்ப்பழியிலிருந்து அவரைக் காக்கும் சாட்சிகள் அவை. இதனை அவரிடமே எடுத்துச்சொன்னால் அவர் மகிழ்ந்து ஒத்துழைப்பார். நல்ல ஊதியமும் மழைக்கு ஒதுங்க ஓர் அறையும் பெற்ற காவலர், கருவிகளைக் காட்டிலும் சிறந்த காவல்.

வாங்குவோர் இல்லையேல்

திருட்டு நிலைப்பதற்குத் திருடன் மட்டும் காரணமல்லன், வாங்குவோரும் காரணம். முழுக் காரை விற்பது அரிதாதலின், களவுபோகும் கார்கள் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு உதிரிப்பாகங்களாகின்றன. சில ஸ்போர்ட்ஸ் கார்களின் முகப்புவிளக்கு, கண்ணாடி, சக்கரம் ஆகியவற்றின் விலை இலட்சங்களைத் தொடும். பாதி விலைக்கு, இரசீதின்றி அவை கிடைக்கும்போது, வாங்குபவர் மனத்தில் ஒரு வினா எழத்தான் செய்கிறது. அவ்வினாவைக் கேளாதது போல் கடந்துவிடுவதே குற்றத்தின் வாயில்.

ஆன்றோர் இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்தனர். தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை ஏற்றல், அரசின் முறைமையை மீறிய வாணிகம், குறைத்தும் கூட்டியும் அளத்தல், போலியைக் கலந்து விற்றல் என்பன அவை. தன் கையால் திருடாதவனும் திருட்டுப் பொருளை வாங்கினால் விரதம் பழுதுபடுகிறது. இன்றைய சட்டமும் இதே வழியில் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. 317-ஆம் பிரிவு திருட்டுப் பொருளைப் பற்றியது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி அதனைப் பெற்றால் மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

எனவே பழைய கார் வாங்குவோர் சேசிஸ் எண்ணையும் எந்திர எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவில் உரிமையாளர் பெயரையும் கடன் நிலுவையையும் அறிதல் வேண்டும். உதிரிப்பாகத்துக்கு இரசீது கேட்டு வாங்குதல் வேண்டும். மோட்டார் உதிரிப்பாக வாணிகத்தில் இருப்போர் இரசீதில்லாச் சரக்கை மறுப்பதும், பெயரும் எண்ணும் குறித்து வாங்குவதும், தம்மை மட்டுமன்றி ஊரிலுள்ள கார்கள் அனைத்தையும் காக்கும் செயலாகும்.

இழந்தபின் செய்ய வேண்டுவன

எல்லா முயற்சிக்குப் பின்னும் கார் களவுபோகலாம். 1964-இல் வெளிவந்த 'கோல்டுஃபிங்கர்' திரைப்படத்துக்காகப் பயன்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார், 1997-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விமான நிலையக் கொட்டகையிலிருந்தே காணாமற்போயிற்று. உலகம் அறிந்த காருக்கே அந்நிலை.

அப்போது முதற்கடமை உயிரைப் பேணுதல். இரவில் ஓசை கேட்டுத் தனியே ஓடுவதும், திருடனை மலைச்சாலையில் துரத்துவதும், காவலரைத் துரத்த அனுப்புவதும் கூடா. நாற்பது வளைவுள்ள சாலையில் மூடுபனியில் துரத்தினால், துரத்துபவரும் எதிரே வருபவரும் மடிய நேரலாம். 112 என்னும் எண்ணுக்கு அழைத்து, காரின் எண், நிறம், கடைசியாகப் பார்த்த நேரம், செல்லக்கூடிய இரு வழிகள் ஆகியவற்றைச் சொல்லுதல் வேண்டும்.

உரிமையாளர் கோவையிலும் கார் வால்பாறையிலும் இருப்பின், புகாருக்காக மலையேற வேண்டியதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பி, மூன்று நாள்களுக்குள் கையொப்பமிடலாம். முதல் தகவல் அறிக்கையின் படியைப் பெற்றுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவித்தல் அடுத்த பணி.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள காருக்குத் திருட்டு இழப்பீடு கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்ந்த காப்பீடு வேண்டும். காப்பீட்டாளர் வழக்கமாக இரண்டு சாவிகளையும் கேட்பர்; ஒன்று தொலைந்திருப்பின் தொலைந்த நாளிலேயே பதிந்து வைத்திருத்தல் நன்று. காவல்துறைக்கு உடனே தெரிவித்த பின், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லச் சற்றுக் காலம் தாழ்ந்தது என்னும் ஒரே காரணத்தால் உண்மையான கோரிக்கையை மறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துள்ளது. எனினும் அன்றே தெரிவிப்பதே முறை. ஆண்டுதோறும் மதிப்புக் குறைத்துக் கணக்கிடும் பொதுமுறை அரிய பழங்காருக்குப் பொருந்தாது. அதன் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் காப்பீட்டைப் பற்றி நிறுவனத்திடம் கேட்டறிதல் நன்று.

நிறைவாக

மிகுபொருள் விரும்பாமை என்பது இல்லறத்தாரைப் பொருளே வேண்டா என்று சொல்லும் விரதமன்று. அளவு வகுத்துக்கொள்ளச் சொல்லும் விரதம். காவலுக்கும் அவ்வளவு பொருந்தும். ஒரு காரைக் காக்கும் கவலை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்து, பணியாளர்மேல் ஐயத்தை வளர்த்து, பறவையும் விலங்கும் வந்துபோகும் முற்றத்தைக் கோட்டையாக்கிவிடுமாயின், கார் திருடுபோகாமலேயே அவ்வீட்டில் பலவும் திருடுபோய்விட்டன என்றே கொள்ளல் வேண்டும். அத்தகைய நிலையில், அதனைக் கோவையில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு எளிய வண்டியில் மலையேறுவதே அறிவுடைமை.

உரிய பூட்டு, அழியாத பதிவு, அனைவர்க்கும் பொதுவான ஒழுங்கு, திருட்டுப் பொருளைத் தீண்டாத உறுதி ஆகிய இவை இருக்குமாயின் உரிமையாளர் தம் கடமையைச் செய்தவராவார். பிறகும் பொருள் போனால் போகட்டும். ஒரு நிரபராதியின் மானமோ ஓர் உயிரோ அதனோடு போகாதிருந்தால் அதுவே பெரிய காவல்.

 எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!